எண்ணெய்ப் பாட்டில் ஜன்னலில்தான் இருந்தது

தும்பு பதப்படுத்தும் இடத்தில் மேற்பார்வைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நல்ல வார்த்தை என்னிடம் ஸ்டாக் இல்லை. முப்பது வருஷம் தும்போடும் தூசியோடும் குடித்தனம் நடத்தியவனிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது, இனி யாரும் என்னை வேலையை விட்டு எடுக்க முடியாது. அந்தத் தைரியத்தில் நான் அடித்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். அதில் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது. போகவைக்கப் பேனாவைத் திறந்தவன் நான்.

செய்முறையெல்லாம் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அது சுவரில் ஒட்டியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. சுருக்கம் இதுதான்: பனைமட்டையிலிருந்து நாராக எடுத்த தும்பைக் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைக்கிறோம். அதன் மேல் இருக்கும் மெழுகும் பிசினும் கழன்றுவிடும். பிறகு அலசி, காயவைத்து, சீவி, கட்டாகக் கட்டி அனுப்புகிறோம். வாங்குகிறவர்கள் அதை ரெசின் என்கிற பசையில் வைத்து அழுத்திப் பலகை ஆக்குகிறார்கள். ரெசின் தும்பைப் பிடித்தால் பலகை, பிடிக்காவிட்டால் குப்பை. இந்தத் தொழிலில் உள்ள சண்டை எல்லாம் அந்தப் பிடிமானத்துக்காகத்தான்.

எங்கள் ஷெட் திருச்செந்தூர் ரோட்டில், உப்பளங்களுக்கு நடுவில். அதுவரை பிரஷ் செய்யத் தும்பு கட்டி ஏற்றுமதி செய்துகொண்டிருந்த முதலாளிக்கு, பஸ்ஸுக்கு உள்பக்கம் அடிக்கிற பலகைக்குத் தும்பு கொடுக்கும் ஆசை வந்தது. கரூர்ப் பக்கம் பஸ் பாடி கட்டும் ஒரு கம்பெனி மாதிரிக்குக் கொஞ்சம் கேட்டிருந்தது. அது பாஸானால் வருஷம் முழுக்க வேலை. முதலாளி பொறுப்பாரா? மளிகைக் கடையிலிருந்து கல்யாண வீடு வரைக்கும், “இனிமே பஸ்ஸே நம்ம பனந்தும்புலதான் ஓடும்” என்று சொல்லிவைத்துவிட்டார். ஊறவைக்கிற வேலைக்குத் தொட்டி கட்டி, ஒன்பது பெண்களைச் சேர்த்து, மேற்பார்வைக்கு என்னைப் போட்டார். நான் கெமிஸ்ட்ரி படித்தவன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. ஆயுத பூஜைக்குத் தொட்டித் தண்ணீரின் காரத்தை அளக்கிற மீட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அதன் முனையிலும் ஒரு பொட்டு வைத்தேன். மூன்று நாள் அது சொன்ன கணக்கெல்லாம் சந்தனத்தின் கணக்கு.

தொட்டிப் பெண்களுக்குத் தலைமை செல்லக்கனி. பதினைந்து வருஷம் உப்பளத்தில் உப்பு வாரியவள். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலில் கண் கெட்டுப்போய், இனிமேல் அளத்துப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு எங்களிடம் வந்தாள். கூரைக்குக் கீழே அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது. இதுவும் போனால் அவளுக்கு மறுபடியும் உப்பளம்தான், அங்கே போனால் மிச்சம் இருக்கும் பார்வையும் போகும். சேரும்போது அவளே இதை என்னிடம் சொல்லியிருந்தாள். நானும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு மறந்துவிட்டேன்.

முதல் மாதிரி கரூருக்குப் போனது. ஒரு வாரத்தில் போன் வந்தது. பேசியது அந்தக் கம்பெனியின் தரச் சோதனைப் பொறியாளர், சின்னப் பெண், குரலில் மரியாதைக்குக் குறைவில்லை.

“ஏனுங்க, உங்க தும்பு எங்க ரெசினோட பேசவே மாட்டேங்குதுங்களே. பலகைய வளைச்சா தும்பு தனியா உருவிட்டு வருதுங்க.”

படமும் அனுப்பியிருந்தார். எங்கள் ஊர்ப் பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்ட மாதிரி அடுக்கு அடுக்காகக் கிடந்தது பலகை.

நான் அசரவில்லை. முதலில் கடல் காற்றைக் குற்றவாளி ஆக்கினேன். மத்தியானத்துக்கு மேல் கிழக்கே இருந்து வருகிற காற்றில் ஈரம் இருக்கும், காய்ந்த தும்பு அதைக் குடித்துவிடும். இது உண்மையும்கூட. அதற்காக ஷெட்டின் ஜன்னலையெல்லாம் அடைக்கச் சொன்னேன். தகரக் கூரைக்குக் கீழே ஒன்பது பெண்களும் வெந்து போனார்கள். அதில் ஒன்றும் நடக்கவில்லை என்றதும் துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் நிலக்கரித் தூசி மேல் பழியைப் போட்டேன். அதுவும் இல்லை என்றதும் ரெசின் சரியில்லை என்று கரூருக்கே ஒரு கடிதம் எழுதினேன். அவர்கள் பெரிய மனசு பண்ணி அதற்குப் பதில் போடவில்லை.

கடைசியில் கெமிஸ்ட்ரி படித்தவனுக்கே உரிய வியாதி என்னைப் பிடித்தது. ஒன்று சரியாக வரவில்லையா, அளவைக் கூட்டு. மெழுகு முழுசாகக் கழலவில்லை என்று நானே முடிவு செய்து, காஸ்டிக்கை ஒன்றரை மடங்கு ஆக்கினேன். இரண்டாவது மாதிரி போனது. முதலாவதைவிட மோசம் என்று பதில் வந்தது. அதைக் கேட்டு மூளை உள்ள எவனும் அளவைக் குறைத்திருப்பான். நான் இன்னும் கூட்டினேன்.

அந்த வாரத்தில்தான் செல்லக்கனி என் மேஜைக்கு வந்து நின்றாள்.

“சார், தண்ணி ரொம்ப எரியுது. முந்தி இப்படி இல்ல.”

“காஸ்டிக்னா எரியத்தான் செய்யும். க்ளவுஸ் எதுக்கு வாங்கிக் குடுத்திருக்கேன்?”

“அது மணிக்கட்டோட நின்னுருது சார். தொட்டிக்குள்ள முழங்கை வரைக்கும் விட்டாத்தான தும்ப அள்ள முடியும்? மேல வழியா தண்ணி உள்ள போயி அங்கனயே நிக்கி. க்ளவுஸ் போடாட்டிகூடத் தேவல.”

அந்தக் குட்டைக் க்ளவுஸை வாங்கியது நான். நீளமான க்ளவுஸுக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும் என்றார் கடைக்காரர். குட்டை கையில் இருந்தது, வாங்கி வந்துவிட்டேன். ஒரு தடவைகூட அதை மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டுப் பார்க்கவில்லை. பதிவேட்டில் மட்டும் ‘கையுறை வழங்கப்பட்டது, தொழிலாளர்கள் அணிய மறுக்கிறார்கள்’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன்.

“ஆர்டர் கிடைக்கட்டும், பொறவு பாப்போம்” என்றேன். அவள் போய்விட்டாள்.

மூன்றாவது மாதிரிக்குக் கரூர்ப் பொறியாளர் நேரிலேயே வந்துவிட்டார். போனில் கேட்ட மரியாதை நேரிலும் அப்படியே இருந்தது, ஆனால் கண் எல்லா இடத்திலும் மேய்ந்தது. பையிலிருந்து சொட்டு மருந்துப் பாட்டில் மாதிரி ஒன்றை எடுத்தார். உள்ளே வெறும் தண்ணீர். காயப்போட்டிருந்த தும்பின் மேல் ஒரு சொட்டு விட்டார். தும்பு உடனே குடித்துவிட்டது. கட்டி அடுக்கியிருந்த தும்பின் மேல் ஒரு சொட்டு விட்டார். அது முத்து மாதிரி உருண்டு நின்றது.

“காயப்போட்ட எடத்துல நல்லாத்தானுங்க இருக்குது. கட்டுற மேஜைக்கு வரதுக்குள்ள என்னவோ ஆயிருதுங்க. நான் மூணு மணிக்குக் கெளம்பறனுங்க. அதுக்குள்ள காரணத்த எழுதிக் குடுத்தீங்கன்னா இன்னொரு வாய்ப்புக் கேட்டுப் பாக்கலாம். இல்லைன்னா தகுதி இல்லைன்னு எழுதிட்டுப் போயிருவனுங்க.”

அவரை முதலாளி அறையில் உட்காரவைத்துவிட்டு, கட்டுகிற மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பன்னிரண்டு மணி இருக்கும். தொட்டி வேலை முடித்த பெண்கள் கை கழுவிவிட்டு மேஜைக்கு வந்தார்கள். உட்காருவதற்கு முன்னால் செல்லக்கனி ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தாள். உள்ளங்கையில் ஊற்றி, விரல் இடுக்கு முதல் முழங்கை வரை தேய்த்தாள். பாட்டிலை அடுத்தவளிடம் கொடுத்தாள். ஒன்பது பேரும் தேய்த்து முடித்து, அந்தக் கையோடு தும்பைச் சீவிக் கட்ட ஆரம்பித்தார்கள்.

அந்தப் பாட்டிலை மாதக்கணக்காக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாரும் ஒளித்துவைக்கவில்லை. பெண்கள் இருக்கிற இடத்தில் எண்ணெய் இருந்தால் அது தலைக்குத்தான் என்று நானே முடிவு செய்திருந்தேன். மெழுகை எடுப்பதற்காக நாங்கள் அத்தனை பாடுபட, எடுத்த இடத்தில் எண்ணெய் பூசி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

“ஏளா, என்ன செய்யுத?” என்று கத்தினேன்.

“கைல எண்ணெ தேய்க்கேன் சார்.”

“தெனமும் தேய்ப்பியா?”

“ஆமா. தேய்க்காட்டி வெடிப்புக்குள்ள தும்பு ஏறிரும்லா. ரெத்தம் வந்து கட்டுல பட்டா நீங்கதான ஏசுவிய.”

அதில் ‘ஆமா’ மட்டும்தான் என் காதில் விழுந்தது. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் முதலாளியை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன்.

“யாருவே அது?”

“எல்லாரும்தான் தேய்க்காங்க. பாட்டில் செல்லக்கனியுது.”

“அப்பம் அவள அனுப்பிரும். தப்புச் செஞ்ச ஆள எடுத்தாச்சுன்னு அந்தக் கரூர்ப் பொண்ணு கையில காட்டணும்லா. மெமோ எழுதி, கையெழுத்தும் ரேகையும் வாங்கிட்டு வாரும்.”

கையெழுத்தோடு பெருவிரல் ரேகையும் வாங்குவது எங்கள் முதலாளியின் பழக்கம். கையெழுத்தை ‘என்னுது இல்ல’ என்று சொல்லிவிடலாம், ரேகையைச் சொல்ல முடியாது என்பது அவருடைய சட்ட அறிவு. நான் உட்கார்ந்து செல்லக்கனிக்கு மெமோவும் பொறியாளருக்கு அறிக்கையும் எழுதினேன். காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு. நடவடிக்கை: பணிநீக்கம். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது, அவ்வளவு சுருக்கம். மெமோவையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனேன். மணி இரண்டரை, பெண்கள் மறுபடி தொட்டி வேலைக்குத் திரும்பியிருந்தார்கள்.

செல்லக்கனிக்கு விஷயம் அதற்குள் போய்விட்டிருந்தது. அழவில்லை, சண்டை போடவில்லை. தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“எண்ணெ ஆவாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தேய்ச்சிருக்க மாட்டோமே சார்” என்றாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். பெருவிரலை மையில் தொட்டுத் தாளில் வைத்தாள்.

விரலை எடுத்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. கோடு ஒன்றுகூட இல்லை. விரலை இழுத்துவிட்டாள் என்று நினைத்து, “அசையாம வை” என்றேன். மறுபடி வைத்தாள். மறுபடியும் வெறும் மை. மை அதிகம் என்று துடைத்துவிட்டு வைக்கச் சொன்னேன். இடது விரலையும் வைக்கச் சொன்னேன். தாளில் ஐந்து வட்டம் ஆகிவிட்டது, ஒன்றிலும் ரேகை இல்லை.

“விழாது சார்” என்றாள் செல்லக்கனி. “ரேஷன் கடை மிஷினே ஏத்துக்கிட மாட்டேங்கு. கண்ணக் காட்டுங்காவ. கண்ணக் காட்டித்தான் அரிசி வாங்குதேன். நாளைக்கு அதுவும் போச்சுன்னா எதக் காட்டன்னு தெரியல.”

அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வழவழவென்று இருந்தது. உள்ளங்கையில் வெடிப்பு, வெடிப்புக்குள் சிவப்பு. மற்ற எட்டுப் பேரும் கேட்காமலேயே கையை நீட்டினார்கள். நான் அளவைக் கூட்டக் கூட்ட அவர்கள் கை வெடித்திருக்கிறது. வெடிக்க வெடிக்க எண்ணெய் கூடியிருக்கிறது. எண்ணெய் கூடக் கூடப் பலகை பிய்ந்திருக்கிறது. பலகை பிய்யப் பிய்ய நான் அளவைக் கூட்டியிருக்கிறேன். கெமிஸ்ட்ரி படித்தவனின் கைங்கரியம்! எனக்கு வெட்கமாக இருந்தது.

“இம்புட்டு மோசமா இருக்குன்னு ஏன் சொல்லல?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

“தெனமும் இந்தக் கையாலதான சார் ஒங்களுக்கு டீ தந்தேன்” என்றாள்.

தொட்டியிலிருந்து முதலாளி அறைக்கு அறுபது அடி இருக்கும். அந்த அறுபது அடியில் என் மனசாட்சி விழித்துக்கொண்டது என்று எழுத ஆசைதான். உள்ளதைச் சொல்கிறேன்: பாதி தூரம் வரை, அந்த அறிக்கையை அப்படியே கொடுத்துவிட்டு, செல்லக்கனியை வேறு எங்காவது சேர்த்துவிடலாம் என்றுதான் யோசித்தேன். துறைமுகத்துப் பக்கம் தெரிந்த ஏஜென்ட் ஒருவர் இருந்தார், அவருடைய ஆபீஸைக் கூட்டுகிற வேலையாவது வாங்கித் தரலாம். நான் தப்பிக்கலாம், அவளும் பிழைத்துக்கொள்வாள், ஆர்டரும் கிடைக்கும். இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா? மிச்ச எட்டுப் பேரின் கை தொட்டிக்குள்தான் இருக்கும் என்பது முக்கால் தூரம் போனபோதுதான் உறைத்தது. புதிதாக வருகிற ஒன்பதாவது கையும் வெடிக்கும், அதுவும் எண்ணெய் தேடும். அறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஐந்து வட்டம் விழுந்த மெமோவை மட்டும் மேஜையில் போட்டேன்.

“இதென்னங்க, மை சிந்திருச்சுங்களா?” என்றார் பொறியாளர்.

“இல்லம்மா. அது பெருவிரல்.”

பிறகு நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அளவைக் கூட்டியது, குட்டைக் க்ளவுஸ், பதிவேட்டில் எழுதிய பொய், எண்ணெய், எண்ணெய்க்குக் காரணம். முதலாளியின் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை, குரல் மட்டும் கேட்டது.

“என்னவே, ஒமக்குப் புத்தி பெரண்டுட்டா? நம்ம தொட்டிய நீரே நாறடிக்கீரு!”

பொறியாளர் எழுந்து தொட்டிக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அவர் கேட்பதற்கு முன்னால் நானே அந்தக் குட்டைக் க்ளவுஸை மாட்டிக்கொண்டு, நல்ல தண்ணீரில் அலசுகிற தொட்டியில் முழங்கை வரை கையை விட்டுத் தும்பை அள்ளினேன். க்ளவுஸ் பலூன் மாதிரி உப்பியது. கையை எடுத்ததும் உள்ளே இருந்த தண்ணீர் முழுக்க என் பேன்ட்டில் கொட்டியது, பார்ப்பதற்குக் கௌரவமான இடத்தில் இல்லை. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

“இதப் போட்டுட்டு எட்டு மணி நேரங்களா?” என்றார் பொறியாளர். சிரிக்கவில்லை.

அவர் எழுதிவிட்டுப் போன தாளில் மூன்று வரி இருந்தது. முழங்கைக்கு மேல் வரை வரும் க்ளவுஸ் வந்த பிறகே தொட்டியில் வேலை. காஸ்டிக் பழைய அளவில். அதன் பிறகு புது மாதிரி அனுப்பினால் சோதித்துப் பார்க்கப்படும். பலகை நன்றாக வர வேண்டும் என்பதைத் தவிர வேறு எந்தக் கரிசனமும் தனக்கு இல்லை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு கிளம்பினார், ஆனால் போகும்போது செல்லக்கனியிடம் ஒரு களிம்பின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நீளமான க்ளவுஸ் வந்தது. ஜன்னலைத் திறந்தோம். தொட்டி வேலை முடிந்தால் கைக்கு எண்ணெயும் களிம்பும் உண்டு, ஆனால் தொட்டியில் நின்றவர்கள் அன்றைக்குக் கட்டுகிற மேஜைக்கு வரமாட்டார்கள் என்று ஆளை மாற்றி மாற்றிப் போட்டோம். அது செல்லக்கனி சொன்ன யோசனை. இரண்டு மாதம் கழித்துப் போன மாதிரி கரூரில் பாஸானது. இன்றைக்கு நீங்கள் சம்பளம் வாங்குகிற வேலை அங்கேதான் ஆரம்பித்தது.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது பெரிதாக ஒன்றுமில்லை. அறிக்கையில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதக் கை போனால், பேனாவை மூடிவிட்டுத் தொட்டிப் பக்கம் போய் ஒரு நாள் முழுக்க அந்த வேலையைச் செய்யுங்கள். சாயங்காலம் எழுத வேறு காரணம் கிடைக்கும்.

அந்த மெமோ என்ன ஆனது என்று கேட்பீர்கள். பொறியாளர் வண்டி ஏறிய பத்தாவது நிமிஷம் முதலாளி என்னைத் தொட்டிப் பக்கம் கூப்பிட்டார். முன்னதைக் கிழித்துப் போட்டாயிற்று, கையில் என் பேருக்கு எழுதிய புது எச்சரிக்கை மெமோ.

“தப்பு ஒம்மதுன்னு ஊரக்கூட்டிச் சொல்லியாச்சுல்லா? போடும் கையெழுத்த. ரேகையும் வேணும்.”

மைப்பெட்டி செல்லக்கனியிடமே இருந்தது. அவள்தான் திறந்து நீட்டினாள். நான் கையெழுத்துப் போட்டு, பெருவிரலைத் தொட்டுத் தாளில் வைத்து எடுத்தேன். ஒரே தடவையில் விழுந்தது. சுழி, வளைவு, நடுவில் ஒரு சின்ன வெட்டு எல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தது. செல்லக்கனி தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மற்றவர்களிடம் காட்டினாள்.

“ஏயம்மா, பாருங்களா! சாருக்கு எம்புட்டுக் கோடு!”

ஒன்பது பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.